சலவைக்கல் போன்ற சுவர்: சுண்ணச் சாந்தும் எபாக்சிப் பிசினும்

அடுக்களையில் அடுப்பு மேடைக்குப் பின்னால் உள்ள சுவர், வீட்டின் மற்றச் சுவர்களைப் போன்றதன்று. தாளிக்கும் எண்ணெய் அதன்மீது தெறிக்கிறது. புளிக்கரைசலும் மஞ்சளும் அதன்மீது சிந்துகின்றன. கொதிக்கும் பாத்திரத்தின் ஆவி நாள்தோறும் அதன்மீது படிகிறது. ஆதலின் அச்சுவர் எளிதில் கழுவத்தக்கதாகவும் நீரை உறிஞ்சாததாகவும் இருத்தல் வேண்டும். அத்துடன் அது கண்ணுக்கு இனியதாகவும் அமைந்தால் நன்று என்று எண்ணுவது இயல்பே. வெண்ணிறப் பரப்பில் சாம்பல் நிற வரிகள் ஓடும் சலவைக்கல்லைப் பலர் விரும்புவதற்குக் காரணம் இதுதான். ஆனால் சலவைக்கல்லின் விலை அதிகம், எடையும் அதிகம். எனவே அதைப் போன்ற தோற்றத்தைத் தரும் எபாக்சிப் பிசினை வாங்கி, வீட்டிலேயே அத்தகைய சுவர்ப்பலகையைச் செய்துகொள்ளும் வழக்கம் இப்போது பரவி வருகிறது.

சலவைக்கல்லைப் போல ஒன்றைச் செய்ய மனிதன் முயல்வது இது முதல் தடவையன்று. சித்தூர், திருப்பதி வட்டாரத்தார்க்கு மிக அருகிலேயே அதன் பழைய வரலாறு காணக் கிடக்கிறது. பழைய முறையையும் புதிய முறையையும் அருகருகே வைத்து ஆராய்ந்தால், எந்தச் சுவருக்கு எது ஏற்றது என்பது தெளிவாகும். எவ்விடத்தில் தவறு செய்தால் பொருளுக்கும் உடலுக்கும் கேடு விளையும் என்பதும் விளங்கும்.

நம் நிலத்துக் கல்

சித்தூர் மாவட்டம் கல்வளத்துக்குக் குறைவில்லாத நிலம். குப்பம் பகுதியில் வெட்டியெடுக்கப்படும் கருங்கல் பளபளப்பாக மெருகிடப்பட்டு வெளியூர்களுக்கும் செல்கிறது. திருமலையைத் தாங்கி நிற்கும் சேஷாசல மலைகள் பெரும்பாலும் குவார்ட்சைட் என்னும் கடினமான பாறையால் ஆனவை. திருமலையில் இயற்கையாக அமைந்துள்ள சிலாதோரணமும் அவ்வகைப் பாறையே. எனினும் வெண்சலவைக்கல் இங்குக் கிடைப்பதில்லை. அது ராஜஸ்தானத்து மக்ரானா போன்ற தொலைவிடங்களிலிருந்து வரவேண்டும். தாஜ்மகாலுக்குக் கல் தந்த ஊர் மக்ரானாதான்.

இக்கற்களின் வேறுபாடு நிறத்தில் மட்டும் இல்லை. கருங்கல்லும் குவார்ட்சைட்டும் சிலிகாவை அடிப்படையாகக் கொண்டவை. சலவைக்கல்லோ கால்ஷியம் கார்பொனேட் என்னும் பொருளால் ஆனது. சுண்ணாம்புக்கல் பூமியின் ஆழத்தில் பெரும் அழுத்தத்துக்கும் உஷ்ணத்துக்கும் உட்பட்டுத் தன் படிகங்களைப் புதிதாக அமைத்துக்கொள்ளும்போது சலவைக்கல் தோன்றுகிறது. அதிலுள்ள சாம்பல், மஞ்சள், பழுப்பு வரிகள், கல்லில் கலந்திருந்த களிமண், இரும்பு ஆக்ஸைடு, கரி முதலிய மாசுகளின் அடையாளங்கள்.

இதனை எளிய சோதனை ஒன்றால் அறியலாம். சலவைக்கல்லைச் சுரண்டி எடுத்த பொடியில் சில துளி எலுமிச்சஞ்சாற்றை விட்டால் நுண்ணிய குமிழிகள் எழும். சாற்றிலுள்ள அமிலம் கால்ஷியம் கார்பொனேட்டைச் சிதைத்துக் கரியமில வாயுவை வெளியேற்றுவதே காரணம். கருங்கற்பொடியில் இவ்வாறு நிகழாது. புளியும் எலுமிச்சையும் நாள்தோறும் புழங்கும் நம் அடுக்களையில், மெருகிட்ட சலவைக்கல் சில மாதங்களிலேயே ஆங்காங்கு ஒளி மங்கிப்போவது ஏன் என்பது இச்சோதனையால் புலப்படும்.

சந்திரகிரியும் சென்னைச் சுண்ணமும்

திருப்பதியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் சந்திரகிரிக் கோட்டை இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் இவ்வூர் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. விஜயநகரப் பேரரசின் பிற்காலத்தில் சிறப்புற்றிருந்த இக்கோட்டையினுள் மூன்று நிலைகளைக் கொண்ட ராஜமகால் எழுந்து நிற்கிறது. இது இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக உள்ளது. இம்மாளிகை கல், செங்கல், சுண்ணச் சாந்து ஆகியவற்றால் கட்டப்பட்டது, மரம் பயன்படுத்தப்படவில்லை. பல நூற்றாண்டுகளின் வெயிலையும் மழையையும் தாங்கிய இக்கட்டடம், சுண்ணச் சாந்தின் வலிமைக்கு நாம் கண்ணால் காணத்தக்க சான்றாகும்.

சந்திரகிரி அரசர்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த கடற்கரையில் 1639ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கும்பினியார் இடம் பெற்றுக் குடியேறினர். அங்கு வளர்ந்த சென்னை நகரத்தில் அவர்களை வியப்பில் ஆழ்த்திய பொருள்களுள் ஒன்று, இந்நாட்டுக் கொத்தனார்கள் சுவரிலும் தூணிலும் பூசிய வெண்சுண்ணம். மெருகிட்டபின் அது சலவைக்கல்லைப் போலவே ஒளிர்ந்தது. ‘மெட்ராஸ் சுனாம்’ என்ற பெயரில் அதன் புகழ் ஐரோப்பாவுக்கும் சென்றது. செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக் என்பவர் சென்னையில் சாந்து செய்யும் முறையை விவரித்து எழுதிய கட்டுரை, லண்டன் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் 1732ஆம் ஆண்டில் இடம்பெற்றது. சுண்ணாம்புடனும் மணலுடனும் வெல்லக் கரைசல், கொள்ளு வேகவைத்த நீர், கடுக்காய் ஊறல் ஆகியவற்றைச் சேர்க்கும் முறையை அவர் அதில் கூறியுள்ளார்.

செட்டிநாட்டு வீடுகளின் பளபளப்பான சுவர்களும் இக்கலையின் கிளைகளே. ராஜஸ்தானத்தின் ஆராயிஷ் பூச்சும், சோப்பிட்டுக் கல்லால் தேய்த்து மெருகேற்றும் மொராக்கோ நாட்டுத் ததலாக்த் பூச்சும் இதற்கு உறவு முறையுடையவை. இத்தாலியர் ஜிப்ஸத்துடன் பசையும் வண்ணமும் கலந்து ‘ஸ்காலியோலா’ என்ற போலிச் சலவைக்கல்லைச் செய்தனர். ஆகவே போலிச் சலவைக்கல் என்பது ஏழ்மையின் அடையாளமன்று. அரண்மனைகளும் ஏற்றுக்கொண்ட கைத்தொழில் அது.

சுண்ணம் கல்லாகும் விதம்

சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் இட்டு ஏறத்தாழ 900 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோகிராம் எடுத்துக்கொண்டால் 44 கிலோகிராம் வாயுவாகச் சென்றுவிடும். எஞ்சுவது 56 கிலோகிராம் சுட்ட சுண்ணாம்பு. இதனுடன் நீர் சேர்த்தால் பெரும் உஷ்ணம் எழுந்து, 18 கிலோகிராம் நீரை ஏற்று, 74 கிலோகிராம் நீற்றுச் சுண்ணாம்பாக மாறுகிறது. இதுவே சுவரில் பூசப்படும் பொருள்.

பூசியபின் நிகழ்வதுதான் வியப்புக்குரியது. சுவரிலுள்ள சுண்ணாம்பு, காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொள்கிறது. முன்பு இழந்த 44 கிலோகிராமை மீண்டும் பெற்று, ஏற்ற நீரை வெளிவிட்டு, முழுமையாக மாறிய நிலையில் மறுபடியும் 100 கிலோகிராம் கால்ஷியம் கார்பொனேட்டாகிறது. புறப்பட்ட இடத்துக்கே பொருள் திரும்பி வருகிறது! சலவைக்கல்லும் கால்ஷியம் கார்பொனேட்டே என்பதை நினைவுகூர்ந்தால் ஓர் உண்மை விளங்கும். சென்னைச் சுண்ணம் தோற்றத்தில் மட்டும் சலவைக்கல்லைப் பின்பற்றவில்லை. இரசாயன முறையில் பார்த்தால் அது சலவைக்கல்லின் பொருளாகவே மாறிவிடுகிறது.

வெல்லம், கடுக்காய் முதலியவை வெறும் மரபுக்காகச் சேர்க்கப்பட்டவையல்ல. வெல்லத்திலுள்ள சர்க்கரை, சுண்ணாம்பு நீரில் அதிகமாகக் கரையத் துணை செய்கிறது. முட்டை வெண்கருவிலும் தயிரிலும் உள்ள புரதங்கள் சாந்தைக் குழைவாக்கிப் பிணைப்பைக் கூட்டுகின்றன. நெய்யிலும் எண்ணெயிலும் உள்ள கொழுப்பு, சுண்ணாம்புடன் சேர்ந்து நீரில் கரையாத ஒருவகைச் சோப்பாக மாறி, பரப்பில் நீர் ஒட்டாமல் தடுக்கிறது. முதலில் மணல் மிகுந்த கரடான பூச்சும், அதன்மேல் நுண்மையான பூச்சும், இறுதியில் வெண்ணெய்போல் அரைத்த சுண்ணப் பூச்சும் இடுவர். அது காய்வதற்குள் கரணையால் அழுத்தி, மாக்கல் பொடி தூவி, வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பர். தேய்க்கத் தேய்க்கத் துகள்கள் நெருங்கி அமைந்து, ஒளியைச் சிதறாமல் திருப்பியனுப்பும் சமதளம் உண்டாகிறது. மெருகு என்பது இதுவே.

இவ்வளவு பொறுமைக்கு இக்காலத்தில் இடம் குறைவு. போர்ட்லண்டு சிமெண்டு வந்தபின் இக்கலை பெரிதும் தேய்ந்துவிட்டது. மேலும் சலவைக்கல்லுக்குரிய குறையும் இதற்கு உண்டு. புளிச்சாறு பட்ட இடத்தில் சுண்ணப் பூச்சும் மங்கும்.

எபாக்சி என்பது யாது?

எபாக்சிப் பிசினின் வரலாறு நூறாண்டுகூட நிரம்பாதது. ஸ்விட்சர்லாந்து நாட்டில் பியேர் காஸ்தான் என்பவர் பல்லுக்குரிய பொருள்களை ஆராய்ந்தபோது இதனைக் கண்டறிந்து 1938ஆம் ஆண்டில் காப்புரிமை கோரினார். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ என்பவரும் வண்ணப்பூச்சுக்காக இத்தகைய பிசின்களை உருவாக்கினார். இன்று விமானப் பகுதிகளிலும், மின்சாதனங்களிலும், தொழிற்சாலைத் தளங்களிலும் இது பயன்படுகிறது.

கடைகளில் இது இரண்டு கலங்களில் விற்கப்படுகிறது. ஒன்றில் தேன்போன்ற பிசின் இருக்கும். இது பெரும்பாலும் பிஸ்பீனால்-ஏ, எபிகுளோரோஹைட்ரின் என்ற இரு பொருள்களிலிருந்து செய்யப்படுகிறது. இதன் மூலக்கூறுகளின் இரு முனைகளிலும், இரண்டு கரி அணுக்களும் ஒரு பிராணவாயு அணுவும் சேர்ந்த சிறு வளையங்கள் உள்ளன. வளைத்துக் கட்டிய மூங்கிலைப் போல அவ்வளையங்கள் விறைப்புற்று, அவிழ்வதற்குச் சமயம் பார்த்திருக்கும். மற்றொரு கலத்தில் உள்ளது ‘ஹார்டனர்’ எனப்படும் கடினமாக்கி. வீட்டு உபயோகத்துக்குரியவற்றில் இது பெரும்பாலும் அமீன் வகையைச் சார்ந்தது. இரண்டையும் கலந்தால், அமீனின் நைட்ரஜனோடு இணைந்துள்ள ஹைட்ரஜன் ஒவ்வொன்றும் ஒரு வளையத்தை அவிழ்த்து அதனுடன் கைகோத்துக்கொள்கிறது. தனித்தனி மூலக்கூறுகள் யாவும் பின்னிப் பிணைந்து ஒரே வலையாகின்றன. இவ்வலை ஒருமுறை பின்னப்பட்டால் பின்னர் உருக்கி மீண்டும் திரவமாக்க இயலாது.

இங்குத்தான் பலர் தவறு செய்கின்றனர். ‘சற்று அதிகமாக ஹார்டனர் சேர்த்தால் விரைவில் இறுகும்’ என்று எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பிழையானது. கடினமாக்கி வேகத்தைத் தூண்டிவிட்டு விலகி நிற்கும் பொருளன்று. வலையின் ஒரு பாதி அதுவே. ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு துணை உண்டு. துணை மிகுந்தாலும் குறைந்தாலும் கைகோக்காத மூலக்கூறுகள் எஞ்சி, பரப்பு பல நாள்களாகியும் பிசுபிசுப்பாகவே இருக்கும். அதனைச் சுரண்டி எறிவதன்றி வேறு பரிகாரம் இல்லை. கலத்தின்மீது குறித்துள்ள விகிதம் கன அளவா, எடையா என்பதையும் கவனித்தல் அவசியம். பிசினும் கடினமாக்கியும் ஒரே அடர்த்தி உடையவையல்ல. ஆதலால் கன அளவில் 2-க்கு 1 என்பது எடையில் 2-க்கு 1 ஆகாது.

எவ்வளவு வேண்டும்?

240 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பின்சுவருக்கு 2 மில்லிமீட்டர் கனத்தில் பூச்சு இடுவதாகக் கொள்வோம். பரப்பு 14,400 சதுர சென்டிமீட்டர். இதனை 0.2 சென்டிமீட்டரால் பெருக்கினால் 2,880 கன சென்டிமீட்டர் வரும். விகிதம் கன அளவில் 2-க்கு 1 என்றால், பிசின் 1,920 கன சென்டிமீட்டரும் கடினமாக்கி 960 கன சென்டிமீட்டரும் தேவை. கோப்பையில் ஒட்டுவதற்கும் விளிம்பில் வழிவதற்கும் பத்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டால், மொத்தம் ஏறத்தாழ 3.2 லிட்டர், அதாவது சுமார் 3.5 கிலோகிராம் ஆகும். இதனை ஒரே தடவையில் ஊற்றாமல், வண்ணம் கலந்த அடிப்பூச்சாக ஒரு பாதியும் நிறமற்ற மேற்பூச்சாக மறுபாதியும் இடுதல் முறை.

செய்முறை

எபாக்சி தானே பரந்து சமமாகும் இயல்புடையது. எனவே நிற்கும் சுவரில் பூசினால் வழிந்துவிடும். ஒரு பலகையைத் தரைமட்டமாக வைத்து ஊற்றி, இறுகியபின் சுவரில் பொருத்துவதே எளிய வழி. நீரைத் தாங்கும் மரைன் பிளைவுட் அல்லது சிமெண்டு நார்ப்பலகை இதற்கு ஏற்றது. மின்சார சுவிட்சுப் பெட்டிகளுக்கு வேண்டிய துளைகளை ஊற்றுவதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும். பலகையின் விளிம்புகள் உட்பட எல்லாப் பக்கங்களிலும் வெண்ணிற அடிவண்ணம் பூசி நன்கு உலர விடுக.

பலகையை மேசையின்மீது வைத்து, ரசமட்டம் கொண்டு நீளத்திலும் அகலத்திலும் மட்டம் பார்க்க வேண்டும். தரையில் பாலிதீன் விரிக்க வேண்டும். எபாக்சி அதில் ஒட்டாது. பிசினையும் கடினமாக்கியையும் அளந்து ஒரு கோப்பையில் ஊற்றி, நுரை எழாதவாறு மூன்று நிமிடம் மெதுவாகக் கலக்குக. கோப்பையின் அடியையும் ஓரத்தையும் வழித்துவிட்டு, வேறொரு சுத்தமான கோப்பைக்கு மாற்றி மீண்டும் கலக்க வேண்டும். ஓரத்தில் ஒட்டிக் கலவாது நின்ற பிசினே பின்னர்ச் சுவரில் ஆறாத புண்போல ஈரப் புள்ளிகளாகத் தோன்றும்.

கலவையின் பெரும்பகுதியில் வெண்ணிறப் பொடி கலந்து பலகையில் ஊற்றிப் பரப்புக. மீதியைச் சிறு கோப்பைகளில் பிரித்துச் சாம்பல், பழுப்பு நிறங்களைச் சேர்த்து, குச்சியின் நுனியாலோ இறகாலோ வரிகளை இழுக்க வேண்டும். இயற்கைச் சலவைக்கல் ஒன்றைக் கூர்ந்து நோக்கிவிட்டு இதனைத் தொடங்குதல் நலம். அதன் வரிகள் ஏறத்தாழ ஒரே சாய்வில் ஓடும். தடித்துத் தொடங்கி மெலிந்து மறையும். கிளைவிடும், ஆனால் வலைக்கட்டங்களைப் போல ஒன்றையொன்று ஒழுங்காக வெட்டா. பாறையின் வெடிப்புகளை அவ்வரிகள் பின்பற்றுவதே காரணம். வரிகளை மிகுதியாக இடுவதைவிடக் குறைவாக இடுவதே இயற்கைக்கு நெருங்கியது.

காற்றுக் குமிழிகளை வெப்பக்காற்றுக் கருவியை மேலே ஓட்டிப் போக்கலாம். வரிகள் பரவுவதற்காகச் சிலர் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தெளிப்பர். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். தெளித்த இடத்தில் சுடரையோ வெப்பக்கருவியையோ காட்டலாகாது. எரிவாயு அடுப்பு எரியும் அடுக்களையில் இவ்வேலையைச் செய்யவே கூடாது.

முதற்பூச்சு விரலில் ஒட்டாமல், ஆனால் சற்றுப் பசைத்தன்மையோடு இருக்கும் நிலையில் மேற்பூச்சை இட்டால் இரண்டும் இரசாயன முறையிலேயே இணைந்துவிடும். முற்றிலும் இறுகிவிட்டால், நீரால் துடைத்து, உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்த பிறகே அடுத்த பூச்சை இடவேண்டும். ஒரு நாளில் கடினமானாலும் முழு வலிமை பெற ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். அதன்பின் சிலிக்கோன் பசையால் சுவரில் பொருத்தி, மேடையோடு சேரும் இடுக்கையும் அதனாலேயே அடைத்துவிடலாம்.

உஷ்ணமும் ஈரமும்

வளையங்கள் அவிழும்போது உஷ்ணம் வெளிப்படுகிறது. மெல்லிய படலமாகப் பரவியிருந்தால் அது காற்றில் கலந்துவிடும். கோப்பையில் குவிந்திருந்தாலோ, எழுந்த உஷ்ணம் செயலை விரைவாக்க, விரைந்த செயல் மேலும் உஷ்ணத்தை எழுப்ப, கலவை புகைந்து கோப்பையையே உருக்கிவிடலாம். எனவே கலந்தவுடன் ஊற்றிவிட வேண்டும். உஷ்ணம் 10 டிகிரி கூடினால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். 25 டிகிரியில் 40 நிமிடம் கிடைக்குமானால் 35 டிகிரியில் 20 நிமிடமே கிடைக்கும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் திருப்பதி வெயிலில் நண்பகலில் இவ்வேலையைத் தொடங்குவது அறிவுடைமையாகாது.

மழைக்காலமும் இதற்கு ஏற்றதன்று. ஈரக்காற்றில், கடினமாக்கியிலுள்ள அமீன் நீராவியோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து, பரப்பில் மெழுகு போன்ற மங்கலான படலத்தை உண்டாக்குகிறது. எந்தக் கரியமில வாயு சுண்ணச் சாந்தைக் கல்லாக்குகிறதோ, அதே வாயு எபாக்சியின் ஒளியைக் கெடுக்கிறது! ஆகவே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கோடை தொடங்குமுன் வரும் பிப்ரவரி மாதத்துக் காலை வேளை இவ்வட்டாரத்தில் இதற்கு உகந்த காலமாகும்.

இறுகியபின் வரும் உஷ்ணமே இதனினும் முக்கியமானது. வீட்டில் சாதாரண உஷ்ணத்தில் இறுகும் எபாக்சி வகைகளுள் பல, 50 முதல் 60 டிகிரி சென்டிகிரேட் அளவிலேயே இளகத் தொடங்கும். நம் அடுப்புகள் சுவரை ஒட்டி இருப்பவை. பெரிய பாத்திரத்தை ஏற்றினால் சுடர் அதன் அடியில் பரந்து சுவரை நோக்கித் திரும்பும். அங்கு இவ்வளவு உஷ்ணம் எழுவது அரிதன்று. அப்பொழுது பிசின் நிறம் மாறும், உப்பும், மிகுந்தால் கருகவும் கூடும். எனவே அடுப்புக்கு நேர் பின்னால் உள்ள பகுதியில் எபாக்சிப் பலகையை வைக்காதீர்கள். அவ்விடத்தில் கருங்கல்லோ பீங்கான் ஓடோ எஃகுத் தகடோ இருக்கட்டும்.

தோலைக் காத்தல்

இறுகிய எபாக்சி சுவரில் அமைதியாக இருக்கும். இறுகாத எபாக்சியோ அவ்வாறன்று. பிசினும் அமீனும் தோலில் மீண்டும் மீண்டும் படுமானால், சிலருக்கு ஒவ்வாமை உண்டாகி அரிப்பும் கொப்புளமும் தோன்றும். ஒருமுறை இவ்வொவ்வாமை நிலைபெற்றால் அது வாழ்நாள் முழுதும் நீடிக்கக்கூடும். பிறகு மிகச் சிறிதளவு பட்டாலும் உடல் எதிர்க்கும். ஒரு சுவரைச் செய்து பார்க்கும் வீட்டாரைவிட, இதையே தொழிலாகக் கொண்டு நாள்தோறும் செய்யும் தொழிலாளிக்கே இந்த அபாயம் அதிகம். அவர் கை கெட்டால் அவருடைய பிழைப்பே கெட்டுவிடும். வேலைக்கு ஆள் அமர்த்துவோர் நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் வாங்கித் தருவதைத் தம் கடமையாகக் கொள்ள வேண்டும்.

தோலில் பட்டால் உடனே துடைத்துவிட்டுச் சோப்பும் நீரும் கொண்டு கழுவுக. தின்னர் முதலிய கரைப்பான்களால் துடைக்கலாகாது; அவை பிசினைத் தோலுக்குள் செலுத்திவிடும். சன்னல்களைத் திறந்து வைத்து, குழந்தைகளை அப்புறப்படுத்தி வேலை செய்க. இறுகிய பரப்பைத் தேய்க்கும்போது தூசி மூக்கில் புகாதபடி முகமூடி அணிக. எஞ்சிய கலவையைச் சாக்கடையில் ஊற்றாமலும் எரிக்காமலும், மெல்லிய படலமாக இறுகவிட்டுக் கழிவோடு சேர்க்க வேண்டும். சுண்ணாம்பு வேலையிலும் எச்சரிக்கை தேவை என்பதை இங்குச் சொல்லிவைக்கலாம். நீறும் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஊறு நேரும்.

எச்சுவருக்கு எது?

எபாக்சியைப் புளியும் எலுமிச்சையும் எளிதில் தீண்டா. நீர் அதில் ஊறாது. ஆயினும் மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்குமின் எண்ணெயில் கரைந்து அதன்மீது கறையாகத் தங்கக்கூடும். துணியில் பட்ட மஞ்சளைப் போல வெயிலில் அக்கறை மங்கும். ஆனால் வெயில் நேரே விழும் இடத்தில் எபாக்சியே நாளடைவில் மஞ்சளித்துவிடும். மஞ்சளைப் போக்கும் வெயிலே மஞ்சளை வரவழைப்பதும் ஒரு விந்தைதான். சிந்திய மஞ்சளை அப்பொழுதே துடைத்துவிடுவதே தக்க வழி.

இவற்றைத் தொகுத்து நோக்கினால் முடிவு எளிதாகிறது. அடுப்பின் பின்னால் நெருப்புக்கு அஞ்சாத கல் இருக்கட்டும். அது இந்த மாவட்டத்திலேயே கிடைக்கிறது. பாத்திரம் கழுவும் தொட்டியின் பக்கமும், அரைக்கும் கருவிகள் வைக்கும் மேடையின் பக்கமும், வெயில் நேரே படாத இடமாயின் எபாக்சிப் பலகைக்கு ஏற்றவை. கூடத்திலும் தாழ்வாரத்திலும், நல்ல கொத்தனார் கிடைப்பாராயின், மெருகிட்ட சுண்ணப் பூச்சுக்கு இணையானது வேறில்லை. அது சுவரின் ஈரத்தை வெளியே விடும். ஆண்டுகள் செல்லச் செல்ல வலுவும் பெறும்.

திருப்பதிக்குச் செல்வோர் ஒருநாள் சந்திரகிரிக்கும் சென்று ராஜமகாலின் சுவரருகே நின்று பாருங்கள். அதனைக் கட்டிய கொத்தனார்கள் கரியமில வாயு என்ற பெயரை அறியார். எனினும் எந்தப் பொருளை எவ்வளவு சேர்ப்பது, எவ்வளவு நேரம் அரைப்பது, எப்பொழுது தேய்ப்பது என்பதை ஐயமின்றி அறிந்திருந்தனர். பொருளின் இயல்பை அறிந்து, அளவு தவறாமல், காலம் பார்த்துச் செய்தல் என்னும் அந்த ஒழுங்கையே, கடையில் இரண்டு கலங்களில் வாங்கிவரும் புதிய பிசினும் நம்மிடம் எதிர்பார்க்கிறது.